விடச் சொல்லும் வரை

அத்தை எதையாவது பிடித்தால், விடச் சொல்லும் வரை விடமாட்டார். அவரைப் பற்றி எழுதலாம் என்று கொப்பியைத் திறந்தபோது முதலில் எழுதிய வரி இது. அதற்குக் கீழே, அவர் பிடித்திருக்க நான் பார்த்தவற்றை ஒவ்வொன்றாக எழுதினேன். காற்றில் கிளம்பிய கூரைத் தகரம். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழி முழுக்க என் அம்மாவின் சேலைன் போத்தல். சாவு வீட்டில் மழைக்குக் கட்டிய தார்ப்பாயின் ஒரு மூலை. கோயில் திருவிழாவில் யாரோ கொடுத்துவிட்டுப் போய் மறந்துவிட்ட ஒரு கைக்குழந்தை. இவை எல்லாவற்றையும்விட அதிக தடவை பிடித்தது, மாமாவின் காரின் பொனட்.

அவர் எங்களுக்கு உறவில்லை. பக்கத்துக் காம்பரா. தெரணியகலைக்கு மேலே எங்கள் றப்பர்த் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், அவர்களுக்கும் எங்களுக்கும் நடுவே ஒரே சுவர். அந்தப் பக்கம் தேங்காய் துருவினால் இந்தப் பக்கம் கேட்கும். அதனால் அவர் அத்தை, அவர் புருஷன் மாமா. அத்தையின் பெயரை இங்கே எழுதவில்லை. தன் பெயர் எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்பதில் அவருக்குப் பெரிய கவனம் இருந்தது.

அது எழுதப்பட்டிருந்த இடம் தோட்டத்து செக்ரோல். வேலைக்காரர்களின் பெயர்ப் பதிவு. மாமா தோட்ட வேலையை விட்டுப் பல வருடமாக வாடகைக்குக் கார் ஓட்டுகிறார், ஹயர் ஓடுகிறார் என்போம். ஒரே மகன் கொழும்பில் கடையில் நிற்கிறார். அந்த வீட்டில் செக்ரோலில் இருந்த ஒரே பெயர் அத்தையுடையது. அந்தப் பெயர் இருக்கும்வரைதான் அந்தக் காம்பரா என்பது அவர் நம்பிக்கை. சின்ன வயதில், பெயர் வெட்டுப்பட்ட ஒரு குடும்பத்தைக் காம்பராவை விட்டு இறக்கியதைப் பார்த்திருக்கிறார். அவர்களுடைய அண்டா ஒன்றைப் பெரிய ரோடு வரைக்கும் இவர்தான் தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்தாராம். அதைச் சொல்லும்போதெல்லாம் அண்டாவின் கனத்தைத்தான் சொல்வார். அழுதவர்களைப் பற்றிச் சொன்னதில்லை.

காய்ச்சலோடு பெரட்டுக்குப் போவார். காலையில் எல்லாரும் கூடி நிற்கும் அந்த இடத்தில் கணக்கப்பிள்ளை பெயர் கூப்பிடும்போது இருமலை அடக்கிக்கொண்டு குரல் கொடுப்பார். வீட்டில் இருக்கச் சொன்னால், “நான் படுத்தா கூரையும் படுத்துரும் புள்ள” என்பார். சிரித்துக்கொண்டுதான் சொல்வார்.

அந்தக் கூரைத் தகரத்தின் கதை இது. ஒரு ஆனி மாதத்துக் காற்றில் அவர்கள் காம்பராவின் மேல் இருந்த தகரம் ஒன்று ஆணி கழன்று படபடவென்று அடித்தது. அத்தை விறகு அடுக்கின்மேல் ஏறி, அதன் ஓரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். மாமா கம்பியும் மணல் மூட்டையும் எடுத்துவரப் போனார். போன வழியில் இன்னொரு வீட்டுக் கூரையும் ஆடியதால் அங்கே உதவிக்கு நின்றுவிட்டார். திரும்பி வர ஒரு மணித்தியாலத்துக்கு மேலானது. அத்தை அங்கேயே நின்றார், மழை வேறு. உள்ளங்கை இரண்டிலும் தகரம் கோடு போட்டிருந்தது.

“விட்டுட வேண்டியதுதானே? தகரந்தானே போகும்” என்று மாமா கத்தினார்.

“போனா நீங்களா ஒபிசுல போய்க் கேப்பீங்க? எம்பேர்ல உள்ள காம்பரா. நாந்தான் போய் நிக்கணும்.”

இப்போது காருக்கு வருகிறேன். அது பழைய ஜப்பான் கார். மேட்டில் ஏறினால் சூடேறும். எங்கள் ரோட்டில் மேடு மட்டும்தான் இருக்கிறது. வளைவுக்கு வளைவு நிறுத்தி, பொனட்டைத் திறந்து, ஆறவிட்டு, ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். அந்த வகைக் காரில் பொனட்டைத் தாங்க இரண்டு பக்கமும் கேஸ் நிரப்பிய குழாய்கள் உண்டு. பொனட் ஷொக் என்போம். பல வருடம் போனால் உள்ளே கேஸ் கசிந்து, தூக்கிய பொனட் மெல்ல மெல்லக் கீழே இறங்கும். மாமாவின் காரில் இரண்டும் செத்து மூன்று வருடம் ஆகியிருந்தது.

முதலில் ஒரு கித்துள் கம்பு வைத்துப் பார்த்தார்கள். அது ஒருநாள் வழுக்கி, பொனட் மாமாவின் மண்டையில் விழுந்து நான்கு தையல். அன்றிலிருந்து அத்தை ஹயர் இல்லாத பயணங்களுக்கெல்லாம் கூடவே போவார். கார் நின்றதும் இறங்கி, மடித்த துணி ஒன்றை உள்ளங்கையில் வைத்து, பொனட்டின் ஓரத்தைத் தாங்கி நிற்பார். முகம் ரோட்டைப் பார்த்திருக்கும். போகிற வருகிறவர்களோடு பேச்சு. கனக்கிறது என்று சொன்னதே இல்லை.

கம்பே இருக்கட்டும் என்று நான் சொன்னபோது அவர் சொன்னது: “கம்பு சொல்லிட்டா வழுக்கும்? நான்னா முடியலன்னு முன்னாடியே சொல்லிருவேன்ல.”

தெரணியகலை பஸ் ஸ்டாண்டுக்கு முன்னால் ஒருநாள் கார் புகைந்து நின்றது. அத்தை இறங்கிப் பொனட்டைத் தாங்கினார். அதைப் பார்த்த ஒரு ஓட்டோக்காரர், காரை விற்கும்போது அக்காவையும் சேர்த்துத்தான் விற்பீர்களா என்று சிங்களத்தில் மாமாவைக் கேட்டார். அத்தை அதே சிங்களத்தில், பொனட் ஒரு அங்குலம்கூட இறங்காமல், பதில் கொடுத்தார். காரைச் சும்மாவே தருகிறோம், இந்த மனுசனையும் சேர்த்துக் கொண்டுபோனால் போதும். ஓட்டோ வரிசை முழுக்கச் சிரித்தது. மாமாவும் சிரித்தார். தண்ணீர் ஊற்றி முடித்து அவர் “சரி, வுடு” என்று சொன்ன பிறகுதான் அத்தை கையை எடுத்தார்.

நான் இரத்தினபுரியில் மோட்டார் தொழில்நுட்பம் படித்து, இப்போது வீட்டிலிருந்தே போய் வந்து அவிசாவளையில் ஒரு சேர்விஸ் நிலையத்தில் வேலை செய்கிறேன். வண்டியைப் பார்த்ததும் எழுதிவைக்கிற பழக்கம் அங்கே வந்தது. சத்தம், கசிவு, தேய்மானம், எந்தப் பக்கம், எப்போதிருந்து. படிக்கும்போது எங்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லித்தந்த ஒன்று, புதிதாக ஏதாவது மாறியிருந்தால் அது காரணமில்லாமல் மாறாது என்பது.

ஒரு தீபாவளிக்கு முந்திய வாரம் துணி எடுக்க எல்லாரும் மாமாவின் காரில் போனோம். மூன்றாவது வளைவில் கார் நின்றது. அத்தை இறங்கிப் பொனட்டைப் பிடித்தார். இடது கையால் பிடித்தார். அதுவரை வலது கையால் பிடித்தவர். நான் கவனித்தேன். கேட்கவும் கேட்டேன்.

“என்னா அத்த, கைய மாத்திட்டீங்க?”

“இது சும்மாதானே தொங்கிக்கிட்டு இருந்திச்சி. இதுவும் கொஞ்சம் வேல செய்யட்டும்.”

நானும் சிரித்தேன். தோள் நோகிறதா என்று அம்மா கேட்டதற்கு, யாருக்குத்தான் நோகவில்லை என்றார். அது உண்மைதான். அத்தை றப்பர் மரத்தில் பால் வெட்டுபவர். அந்த வருடம் அவர்கள் கூட்டத்துக்குக் கிடைத்தது கிழட்டு மரங்கள். கீழ்ப்பட்டையெல்லாம் வெட்டி முடிந்துபோய், தலைக்கு மேலே கையைத் தூக்கி மேற்பட்டையில் வெட்ட வேண்டும். மரத்துக்கு மரம் அப்படி. கூட்டத்தில் இருந்த எல்லாப் பெண்களும் தோள்பட்டையில் தைலம் தேய்த்துக்கொண்டுதான் படுத்தார்கள். லயம் முழுக்க அந்த வாசம். அத்தையும் தேய்த்தார். எல்லாருக்கும் இருக்கிற வலியை யாரும் வலி என்று கணக்கில் எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. சேர்விஸ் நிலையத்தில் ஒரு வண்டி இடது பக்கம் சாய்ந்து வந்தால் கீழே படுத்துப் பார்க்காமல் அனுப்பமாட்டேன்.

அதற்குப் பிறகு ஏழு மாதம் அவர் இடது கையாலேயே பிடித்தார். வாளி தூக்குவதும் இடது கைக்கு மாறியது. தலை வாரும்போது கொண்டையைத் தாழ்வாகப் போட ஆரம்பித்தார். இவை மூன்றையும் நான் அந்தந்த நேரத்திலேயே பார்த்தேன். இப்போதுதான் ஒன்றின்கீழ் ஒன்றாக எழுதுகிறேன்.

மே மாதத்து வெசாக் விடுமுறையில் மாட்டலாம் என்று, அவிசாவளையில் வாங்கிய ஒரு சோடி பொனட் ஷொக்கைக் கொண்டு வந்தேன். பழையவற்றின் நீளத்தை முன்பே அளந்து வைத்திருந்தேன். எவ்வளவு பாரம் தாங்கும் என்று பக்கத்தில் அச்சடித்திருந்த எண்ணும் பொருந்தியது. மாமா கலர்ச் சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றார். லயத்துக்கு முன்னால், கல்கட்டை ஒட்டி, எப்போதும் நிற்கும் இடத்திலேயே கார் நின்றது.

செய்ய வேண்டியதைத் துண்டுக் காகிதத்தில் எழுதியிருந்தேன். பொனட்டுக்கு முட்டுக் கொடுக்க வேண்டும். ஒரே நேரத்தில் இரண்டையும் கழற்றக் கூடாது. சிறிய தட்டை ஸ்குரூ டிரைவரால் நுனியில் இருக்கும் கம்பிக் கிளிப்பைக் கொஞ்சம் நெம்பினால் போதும், பிடுங்கக் கூடாது. புதியது பழையது இருந்த பக்கமாகவே இருக்க வேண்டும். பழையதை நெருப்பில் போடவோ துளைக்கவோ கூடாது.

முட்டுக் கொடுக்க ஒரு கம்பை வெட்டி வைத்திருந்தேன். அத்தை அதை எடுத்துக் கல்கட்டுக்கு அப்பால் எறிந்தார்.

“நான் எதுக்கு இருக்கேன்?”

முதல் பக்கம் சுலபமாக முடிந்தது. கழற்றிய பழையதை மாமா கையில் கொடுத்தேன். அவர் அதை அமுக்கிப் பார்த்தார். ஊசிக் குழாய்போல் வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. புதியதை அமுக்கச் சொன்னேன். இரண்டு கையாலும் முயன்றார், அசையவில்லை. அதனால்தான் புதியதை மாட்டும்போது பொனட்டை அதன் முழு உயரத்துக்குத் தூக்கிப் பிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் நுனி, அது மாட்டும் குமிழில் ஏறாது.

அடுத்தது கல்கட்டுப் பக்கம். காருக்கும் கல்லுக்கும் நடுவே ஒரு ஆள் ஒருக்களித்துத்தான் நிற்கலாம். அங்கே நிற்பவர் வலது கையைத்தான் நீட்ட முடியும். அத்தை அந்த இடைவெளியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு உள்ளே போய் நின்று வலது கையைத் தூக்கினார்.

“இன்னும் ரெண்டு விரல் ஒசத்துங்க அத்த.”

“ஒசத்திட்டேன்ல.”

உயரவில்லை. குமிழுக்கும் நுனிக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி அப்படியே இருந்தது. நான் நிமிர்ந்து பார்த்தேன். அவர் முழங்கை தோள் மட்டத்தைத் தாண்டவில்லை. சட்டைக் கை சதைக்குள் அழுந்தியிருந்தது. மேற்கை அவ்வளவு வீங்கியிருந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு மாமாவின் பக்கம் முகத்தைத் திருப்பி வைத்திருந்தார். “ம், மாட்டு, மாட்டு” என்றார்.

என் தோளைப் பொனட்டின்கீழ் கொடுத்து நிமிர்த்தினேன். நுனி டக்கென்று ஏறியது. “விடுங்க அத்த” என்றேன். அவர் விடவில்லை. பொனட் தானாக நின்றது. கை மட்டும் அப்படியே தூக்கியபடி இருந்தது.

மெதுவாகச் சொன்னார். “நீ கொஞ்சம் எறக்கி வுடு புள்ள.”

அவருடைய முழங்கையையும் மணிக்கட்டையும் பிடித்து இறக்கினேன். கனத்த கை, சூடு. அக்குளுக்குள் என் விரல் ஒரு கட்டியில் பட்டது. எலுமிச்சங்காய் அளவு, கல்போல, அசையாமல். என் முகத்தைப் பார்த்துவிட்டார்.

அதற்குள் மாமா பொனட்டை மூடுவதும் திறப்பதுமாக லயத்தையே கூப்பிட்டுக் காட்டிக்கொண்டிருந்தார். பாருங்க, தானா நிக்கிது. “இனி ஒனக்கு பென்சந்தான் புள்ள” என்று அத்தையைப் பார்த்துச் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். அத்தையும் சிரித்தார்.

கையைக் கழுவப் பீலிக்குப் போனேன். அவர் பின்னாலேயே வந்தார். எவ்வளவு நாளாக என்று கேட்டேன். தெரியாது என்றார். மறுபடி கேட்டேன். தீபாவளிக்கு முன்பு சின்னக் கொட்டைபோல் இருந்தது, மேல் வெட்டு வெட்டியதில் நெறி கட்டியிருக்கிறது என்று நினைத்தேன் என்றார். நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றேன்.

“போனா மகரகமக்கு எழுதுவாங்க. மகரகமக்கு எழுதுனா இவ இனி வேலைக்கி வரமாட்டான்னு எல்லாருக்கும் தெரியும். பேர வெட்டிருவாங்க.” லயத்தின் பக்கம் தலையை அசைத்தார். “அப்பறம் இந்த மனுசன் எங்க போவாரு? கார்லயா படுப்பாரு?”

புற்றுநோய் என்ற சொல்லை எங்கள் பக்கம் யாரும் சொல்வதில்லை. அந்த ஆஸ்பத்திரி இருக்கும் ஊரின் பெயரைத்தான் சொல்வார்கள். அத்தை அதைச் சொன்ன விதத்தில், அவர் இதை முன்பே யோசித்து முடித்திருந்தார் என்று தெரிந்தது.

“இந்த மாசம் போவட்டும். அதுக்கப்பறம் நானே போறேன். நீ யாருகிட்டயும் சொல்லிராத.”

சரி என்றேன்.

ஒன்பது நாள் அந்தச் சரியைக் காப்பாற்றினேன். விடுமுறை முடிந்து வேலைக்குப் போனேன், வந்தேன். காலையில் சுவருக்கு அந்தப் பக்கம் அவர் எழும்பும் சத்தம், பால் வாளியின் சத்தம். அவர் எந்தக் கையால் வாளியைத் தூக்குகிறார் என்று சுவர் வழியாக ஊகிக்கப் பார்ப்பேன். போனில் தேடித் தேடி வாசித்தேன். வாசித்ததையெல்லாம் எழுதிவைத்தேன். பத்தாவது நாள் அம்மாவிடம் சொன்னேன். அம்மா சத்தம் போடவில்லை. மாவு பிசைந்த கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்துக் காம்பராவுக்குள் போய்க் கதவைச் சாத்தினார்.

மறுநாள் கிளினிக்குக்கு நானும் போனேன். டொக்டர் இளம் பெண், சிங்களவர், மிகவும் பொறுமையாகக் கேட்டார். எப்போதிருந்து? அத்தை நல்ல சிங்களத்தில், இரண்டு மாதம் இருக்கும் என்றார்.

நான் ஏழு மாதம் என்றேன். தீபாவளிக்கு முந்திய வாரம் என்றேன்.

டொக்டர் இரண்டை வெட்டி ஏழு என்று எழுதினார். அத்தை என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபம் இல்லை. மரத்தில் யாராவது பட்டைக்கு அப்பால் ஆழமாக வெட்டிவிட்டால் பார்ப்பார், அந்தப் பார்வை.

மகரகமக்குத்தான் எழுதினார்கள். அதன்பிறகு பத்து மாதம். மாமாவின் காரிலேயே போய் வந்தார்கள். வளைவுகளில் கார் நிற்கும், பொனட் தானாக நிற்கும், அத்தை பின் சீட்டில் கண்ணை மூடிச் சாய்ந்திருப்பார். ஒபிசுக்குச் சுகமில்லை என்று வருத்தக் கடிதம் கொடுத்திருந்தோம். ஆனாலும் வேலை முடிந்து வரும் பெண்களிடம் அவர் கேட்பது ஒன்றுதான்.

“இன்னிக்கி எம்பேரு கூப்பிட்டாங்களா?”

கூப்பிட்டாங்க அக்கா, வருத்தம்னு சொன்னோம், என்பார்கள். கணக்கப்பிள்ளை இரண்டாம் மாதத்திலேயே அந்தப் பெயரைத் தாண்டிப் போக ஆரம்பித்திருந்தார். அந்தப் பெண்கள் யாரும் கலந்து பேசிக்கொள்ளவில்லை. எட்டுப் பேரும் ஒரே பொய்யைச் சொன்னார்கள்.

கடைசி நாட்களைப் பற்றி எழுதமாட்டேன். இடது கை மாமாவின் சட்டை நுனியைப் பிடித்திருந்தது. யாரும் விடச் சொல்லவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் மாமா என்னைக் கூப்பிட்டார். காம்பராவை எப்போது காலி பண்ண வேண்டும் என்று ஒபிசில் கேட்க வேண்டும், சாமான்களை வைக்க இடம் பார்க்க மூன்று மாதத் தவணை வேண்டும், ஒரு கடிதம் எழுதித்தா என்றார். எழுதினேன். அவரோடு நானும் போனேன். லயத்திலிருந்து ஒபிசுக்கு நடந்தால் பன்னிரண்டு நிமிடம்.

கிளாக்கர் ஐயா கடிதத்தை இரண்டு தடவை வாசித்தார். “இது என்னா?” என்றார்.

மாமா கையைக் கட்டிக்கொண்டு, சம்சாரத்தின் பெயர் போய்விட்டது, காம்பராவை ஒப்படைக்க வேண்டுமே என்றார்.

“ஒங்க லயத்துல பத்துக் காம்பரா இருக்கு. அதுல நாலு காம்பராவுல ஒரு ஆளுகூட செக்ரோல்ல இல்ல. யாராச்சும் எறங்கச் சொன்னாங்களா? நான் இங்க வந்து பதினாறு வருசம். ஒருத்தரையும் எறக்குனதில்ல.”

அந்த நான்கு காம்பராவும் எனக்குத் தெரியும். தினமும் அவற்றின் வாசலைக் கடந்துதான் பஸ்ஸுக்குப் போகிறேன். அந்த ஒன்பது நாளும் கடந்துதான் போனேன்.

கிளாக்கர் ஐயா கடிதத்தை மடித்து மாமாவின் பக்கமாகத் தள்ளி வைத்தார்.

“யாருங்க ஒங்களுக்கு இப்பிடிச் சொன்னது?”

மாமா என்னைப் பார்த்தார். பிறகு கடிதத்தைப் பார்த்தார்.

“தெரியலங்க” என்றார். “அதெல்லாம் அவதாங்க பாத்துக்கிட்டா.”